வளைந்த விரல்கள் திறந்த கண்கள்

காரைக்குடிக்குப் பக்கத்தில் கோவிலூர் என்று ஓர் ஊர் இருக்கிறது. வேதாந்தம் கற்பிக்கும் பழமையான மடம் அங்கே உண்டு. பெரிய சிவன் கோவிலும் உண்டு.

அந்த வட்டாரத்து நகரத்தார் வீடுகளைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். தூண்கள் பர்மா தேக்கு. தரை இத்தாலி நாட்டுச் சலவைக்கல். சுவரில் பெல்ஜியம் கண்ணாடி. எல்லாம் கப்பலில் வந்தவை!

பணம் நம்முடையது. பண்டம் அயல் நாட்டாருடையது. அவர்கள் சொன்னதே விலை.

அதனால் ஏழைக்குப் பெரிய நஷ்டம் இல்லை. சலவைக்கல் வாங்க முடியாதவர் சாணம் மெழுகிய தரையில் நிம்மதியாக உறங்கினார். பக்கத்து ஆத்தங்குடியில் நம்மவர்களே பூப்போட்ட தரைக்கல் செய்தார்கள். அதன் அழகு இன்றும் பேசப்படுகிறது.

ஆனால், கப்பலில் வரும் பண்டம் வீட்டு அலங்காரமாக இல்லாமல், கண் பார்வையாக இருந்தால்? விலை கொடுக்க முடியாதவர் என்ன செய்வார்?

இருட்டில் கிடப்பார்!

அப்படித்தான் நம் நாட்டில் லட்சக்கணக்கானவர்கள் கிடந்தார்கள். அந்த இருட்டை விரட்டப் புறப்பட்டார், ஒரு தமிழ்நாட்டு டாக்டர். அவருடைய விரல்கள் நோயால் வளைந்தவை. வயதோ, வேலையிலிருந்து ஓய்வு பெறும் வயது. கையில் பெரிய பணமும் இல்லை.

அவர்தான் டாக்டர் வெங்கடசாமி. மதுரை அரவிந்த் கண் ஆஸ்பத்திரியைத் தொடங்கியவர். உலகம் முழுவதும் அவரை 'டாக்டர் வி' என்றே அழைத்தார்கள்.

மணலில் எழுதிய பையன்

எட்டயபுரம் பக்கத்தில் வடமலாபுரம் என்ற சிற்றூர். இப்போது தூத்துக்குடி மாவட்டத்தில் இருக்கிறது. அங்கே, 1918-ம் ஆண்டு அக்டோபர் 1-ந் தேதி வெங்கடசாமி பிறந்தார். தந்தை கோவிந்தப்பா ஒரு விவசாயி. ஐந்து பிள்ளைகளில் வெங்கடசாமிதான் மூத்தவர்.

கரிசல் காடு. மழை பெய்தால் சோறு. பெய்யாவிட்டால் கஷ்டம்.

பள்ளிக்கு நடந்துதான் போகவேண்டும். காகிதம் கிடையாது. பென்சில் கிடையாது. ஆற்று மணலை அள்ளி வந்து தரையில் பரப்புவார்கள். அதில் விரலால் எழுதி, அழித்து, மறுபடியும் எழுதுவார்கள். அப்படித்தான் அவர் அகரம் படித்தார்.

அவர் சிறுவனாக இருந்தபோது குடும்பத்தில் பெரிய துக்கம் நேர்ந்தது. உறவுக்காரப் பெண்கள் மூன்று பேர், பிள்ளைப்பேற்றின்போது ஒருவர் பின் ஒருவராக இறந்துபோனார்கள். ஊரில் டாக்டர் கிடையாது. காப்பாற்ற ஆள் இல்லை.

அந்தத் துக்கம் பையன் மனதில் ஆழப் பதிந்தது. டாக்டர் ஆகவேண்டும், அதுவும் பிரசவம் பார்க்கும் டாக்டர் ஆகவேண்டும் என்று முடிவு செய்தார்.

மதுரை அமெரிக்கன் கல்லூரியில் ரசாயனம் படித்தார். பிறகு சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து, 1944-ம் ஆண்டு டாக்டர் பட்டம் பெற்றார். அப்போது இரண்டாவது உலகப்போர் நடந்துகொண்டிருந்தது. இளம் டாக்டர் ராணுவ மருத்துவப் பிரிவில் சேர்ந்தார்.

விரல்கள் வளைந்தன

இனி நல்ல காலம்தான் என்று வீட்டார் நினைத்தார்கள். விதி வேறு நினைத்தது.

கடுமையான மூட்டுவாதம் அவரைத் தாக்கியது. மூட்டுகள் வீங்கின. நடக்க முடியவில்லை. எழுந்து நிற்கவே முடியாத நாட்களும் உண்டு. மாதக்கணக்கில் ஆஸ்பத்திரிப் படுக்கையில் கிடந்தார். 1948-ம் ஆண்டு ராணுவ வேலையும் போயிற்று.

நோய் தணிந்தபோது, கை விரல்கள் கோணி வளைந்துவிட்டன. அவை பிறகு நிமிரவே இல்லை. பேனா பிடிப்பதே பெரும்பாடு.

பிரசவ டாக்டர் ஆகும் ஆசை அன்றோடு போயிற்று.

வேறொருவராக இருந்தால் ஊருக்குத் திரும்பி, திண்ணையில் உட்கார்ந்திருப்பார். வெங்கடசாமி அப்படிச் செய்யவில்லை. கண் வைத்தியம் படிக்கச் சேர்ந்தார்!

கண் எவ்வளவு மென்மையானது! அதில் கத்தி வைக்க எவ்வளவு நிதானம் வேண்டும்! வளைந்த விரல்களால் அது முடியுமா?

முடியும் என்று காட்டினார். முதலில் பேனா பிடித்துப் பழகினார். பிறகு கத்தி பிடித்துப் பழகினார். தம் விரல்களுக்கு ஏற்றபடி கருவிகளை அமைத்துக்கொண்டார். நாளடைவில் ஒரே நாளில் நூறு கண் ஆபரேஷன்கள் செய்யும் அளவுக்குத் தேர்ந்தார். தம் வாழ்நாளில் அவர் செய்த ஆபரேஷன்கள் ஒரு லட்சத்துக்கும் மேல்!

1956-ம் ஆண்டு மதுரை அரசாங்க ஆஸ்பத்திரியில் கண் பிரிவின் தலைவரானார். மருத்துவக் கல்லூரியிலும் பாடம் சொன்னார். கிராமம் கிராமமாகப் போய்க் கண் சிகிச்சை முகாம் நடத்தினார். 1973-ம் ஆண்டு இந்திய அரசாங்கம் அவருக்குப் பத்மஸ்ரீ பட்டம் அளித்தது.

11 படுக்கை

1976-ம் ஆண்டு அரசாங்க வேலையிலிருந்து ஓய்வு பெற்றார். திருமணம் செய்துகொள்ளாதவர். அமைதியாகக் காலம் கழித்திருக்கலாம்.

அவரோ மதுரை அண்ணாநகரில் ஒரு வீட்டில் கண் ஆஸ்பத்திரி தொடங்கினார். மொத்தம் 11 படுக்கைகள். பணம் கொடுப்பவருக்கு 5. ஏழைகளுக்கு 6. புதுச்சேரி அரவிந்தரிடம் அவருக்குப் பக்தி உண்டு. ஆகவே, ஆஸ்பத்திரிக்கு அவர் பெயரையே வைத்தார்.

ஓய்வு பெற்றவரை நம்பிப் பெரும் பணம் கடன் கொடுக்க யார் வருவார்கள்? குடும்பத்து நகைகள் அடகுக்குப் போயின. தம்பி சீனிவாசன் கணக்கையும் கட்டடத்தையும் கவனித்தார். தங்கை டாக்டர் நாச்சியாரும், அவருடைய கணவர் டாக்டர் நம்பெருமாள்சாமியும் இரவு பகலாக உடன் உழைத்தார்கள்.

பணம் உள்ளவர் கொடுக்கும் கட்டணத்தில், பணம் இல்லாதவருக்கும் சிகிச்சை நடக்கவேண்டும். இரு தரப்பாரையும் அதே டாக்டர்களே பார்க்கவேண்டும். இதுதான் டாக்டர் வெங்கடசாமியின் திட்டம்.

இதற்கு வழி என்ன? அமெரிக்கா போயிருந்தபோது அவர் ஒரு சிற்றுண்டிக் கடையைக் கவனித்தார். மெக்டொனால்டு என்பது அதன் பெயர். எந்த ஊருக்குப் போனாலும் அந்தக் கடையில் ஒரே பண்டம், ஒரே தரம். வேலையை ஒழுங்காகப் பிரித்துக் கொடுத்ததால் செலவும் குறைவு. ரொட்டிக்கு முடிவது கண்ணுக்கு முடியாதா என்று அவர் யோசித்தார்.

ஆபரேஷன் அறையில் பக்கத்தில் பக்கத்தில் மேஜைகளைப் போட்டார். டாக்டர் ஒரு நோயாளிக்கு ஆபரேஷன் செய்யும்போதே, அடுத்த மேஜையில் இன்னொருவர் தயாராக இருப்பார். டாக்டரின் நேரம் ஒரு நிமிடம்கூட வீணாகாது. செலவு குறைந்தது. ஏழைகளுக்கு இடம் பெருகியது.

1981-ம் ஆண்டு பெரிய கட்டடம் எழுந்தது. தேனியிலும், திருநெல்வேலியிலும் கிளைகள் வந்தன.

சோடாபுட்டிக் கண்ணாடி

இவ்வளவு செய்தும் டாக்டர் மனதில் ஒரு முள் உறுத்திக்கொண்டே இருந்தது. அது என்ன?

நம் கண்ணுக்குள் ஒரு சிறிய லென்ஸ் இருக்கிறது. பளிங்கு போலத் தெளிவாக இருக்கும். வயதானால் சிலருக்கு அது வெளுத்து மங்கிவிடுகிறது. அதைத்தான் கண்புரை என்கிறோம். மங்கிய லென்ஸை ஆபரேஷன் செய்து எடுத்துவிடவேண்டும்.

எடுத்துவிட்டால் பார்வை வந்துவிடுமா? வராது! போன லென்சுக்குப் பதிலாக வேறொன்று வேண்டும். அதற்காகத் தடித்த மூக்குக் கண்ணாடி கொடுத்தார்கள். நம் கிராமங்களில் அதைச் சோடாபுட்டிக் கண்ணாடி என்பார்கள்.

அதைப் போட்டால் பொருள்கள் பெரிதாகத் தெரியும். பக்கத்தில் இருப்பதுபோலத் தோன்றும். பக்கவாட்டில் சரியாகத் தெரியாது. மாடியிறங்கத் தடுமாறுவார்கள். கண்ணாடி உடைந்தாலோ, தொலைந்தாலோ மறுபடியும் பழைய நிலைதான். வயல் வேலை செய்பவருக்கு அந்தக் கண்ணாடி எத்தனை நாள் தாங்கும்?

1980-களின் பிற்பகுதியில் நம் நாட்டில் கண்ணிழந்தோர் சுமார் 1 கோடியே 20 லட்சம் பேர் என்று அரசாங்கக் கணக்கு கூறியது. அவர்களில் பத்தில் எட்டுப் பேருக்குக் கண்புரைதான் காரணம்.

விமானிகள் காட்டிய வழி

இதற்கு மாற்று வழியை இங்கிலாந்து டாக்டர் ஒருவர் முன்பே கண்டுபிடித்திருந்தார். அவர் பெயர் ஹரால்டு ரிட்லி.

இரண்டாவது உலகப்போரில் இங்கிலாந்துப் போர் விமானங்களின் மேல்மூடி, அக்ரிலிக் என்ற பிளாஸ்டிக்கால் செய்யப்பட்டிருந்தது. குண்டு பட்டு மூடி உடைந்தால் அதன் துண்டுகள் விமானியின் கண்ணில் புகும். சாதாரணமாகக் கண்ணில் தூசி விழுந்தாலே கண் சிவந்து புண்ணாகும். ஆனால், இந்தப் பிளாஸ்டிக் துண்டுகள் கண்ணுக்குள் கிடந்தும், கண் அவற்றைப் பொறுத்துக்கொண்டது!

அப்படியானால் அந்தப் பிளாஸ்டிக்காலேயே ஒரு லென்ஸ் செய்து கண்ணுக்குள் வைத்தால் என்ன? 1949-ம் ஆண்டு நவம்பர் 29-ந் தேதி, லண்டனில் ரிட்லி அதைச் செய்தார்.

அவரைப் பெரிய பெரிய கண் டாக்டர்கள் எதிர்த்தார்கள். உலகம் ஏற்றுக்கொள்ள முப்பது ஆண்டுகள் ஆயின. 1981-ம் ஆண்டு அமெரிக்க அரசாங்கம் அனுமதி வழங்கியது. அதன் பிறகு பணக்கார நாடுகளில் சோடாபுட்டிக் கண்ணாடி மறையத் தொடங்கியது.

நம் நாட்டில் மறையவில்லை. ஏன்?

விலைதான் காரணம்! லென்ஸ் செய்யத் தெரிந்தவை சில நாடுகள் மட்டுமே. ஒரு லென்ஸின் விலை 100 டாலருக்கும் மேல். ஆபரேஷன் செலவைவிட லென்ஸ் செலவு அதிகம்! கூலிக்குப் போகும் ஒரு பெரியவர் அதற்கு எங்கே போவார்?

ஆகவே, அரவிந்த் ஆஸ்பத்திரியிலேயே இரண்டு விதமாக நடந்தது. பணம் கொடுத்தவருக்குக் கண்ணுக்குள் லென்ஸ். ஏழைக்குச் சோடாபுட்டிக் கண்ணாடி. டாக்டர் ஒன்று. கத்தி ஒன்று. பார்வை மட்டும் இரண்டு!

அதுதான் அந்த முள்.

தானம் எத்தனை நாள்?

அமெரிக்காவில் சேவா என்ற தருமச் சங்கம் இருக்கிறது. 1978-ம் ஆண்டு தொடங்கப்பட்டது. அதன் அன்பர்கள் டாக்டர் வெங்கடசாமிக்கு நண்பர்கள். அமெரிக்க நிறுவனங்களிடம் தானமாக லென்ஸ் கேட்டு வாங்கி மதுரைக்கு அனுப்பினார்கள்.

நல்ல உதவிதான். ஆனால், தானம் வருகிறபோது வரும். வராதபோது நின்றுவிடும். எத்தனை வரும் என்பதைக் கொடுப்பவர்தான் தீர்மானிப்பார். காத்திருப்பவர்களோ லட்சக்கணக்கில்!

அப்போது டாக்டருக்கு ஓர் உண்மை புலப்பட்டது. கருவி செய்யும் நாடு விலையைச் சொல்கிறது. கருவி வாங்கும் நாடு வரிசையில் நிற்கிறது. வரிசையில் முதலில் நிற்பவர் பணக்காரர். கடைசியில் நிற்பவர் ஏழை. இந்த வரிசை மாறவேண்டுமானால் ஒரே வழிதான் உண்டு. நாமே லென்ஸ் செய்யவேண்டும்!

இது நடக்காத காரியம் என்று பலரும் எண்ணினார்கள். ஏழை நாடுகளுக்கு இந்த லென்ஸ் ஏற்றதல்ல, மூக்குக் கண்ணாடியே போதும் என்பது அன்று வெளிநாட்டு நிபுணர்கள் பலருடைய கருத்து. மதுரையில் செய்தால் தரம் இருக்குமா என்றும் சந்தேகப்பட்டார்கள்.

டாக்டர் தளரவில்லை. சேவா சங்கத்தைச் சேர்ந்த டேவிட் கிரீன் என்ற அமெரிக்கர் துணைக்கு வந்தார். ஒரு சிறிய அமெரிக்க நிறுவனத்துக்குப் பணம் கொடுத்துத் தொழில் நுணுக்கம் கற்றுக்கொண்டார்கள். இயந்திரங்கள் வெளிநாட்டிலிருந்து வந்தன. அமெரிக்காவில் பொறியியல் படித்துத் திரும்பிய பாலகிருஷ்ணன் பொறுப்பை ஏற்றார்.

1992-ம் ஆண்டு மதுரையில் அந்தத் தொழிற்சாலை பிறந்தது. அதன் பெயர் அரோலேப்.

கிராமத்துப் பெண்களின் கைவண்ணம்

அங்கே லென்ஸ் செய்தவர்கள் யார் தெரியுமா? சுற்றுப்புறக் கிராமங்களிலிருந்து வந்த இளம்பெண்கள்! பள்ளிப் படிப்பு முடித்தவர்கள். உழவர் வீட்டுப் பிள்ளைகள்.

அவர்கள் செய்த வேலையைக் கேளுங்கள். அக்ரிலிக் பிளாஸ்டிக் வில்லையை முதலில் கடைசல் இயந்திரத்தில் கடைவார்கள். லென்ஸின் அகலம் சுமார் 6 மில்லிமீட்டர். ஒரு சட்டைப் பொத்தானைவிடச் சிறியது! கண்ணுக்குள் நகராமல் நிற்பதற்காக இரண்டு மெல்லிய வளைவுகளைப் பொருத்துவார்கள். பிறகு மெருகேற்றுவார்கள். உருப்பெருக்கிக் கருவியில் வைத்து ஒவ்வொன்றையும் சோதிப்பார்கள். சிறு கீறல் இருந்தாலும் தள்ளிவிடுவார்கள். கடைசியில் கிருமி நீக்கி உறையில் அடைப்பார்கள்.

அறைக்குள் தூசி நுழையக்கூடாது. தலைமுடி முதல் கால் வரை மூடிக்கொண்டுதான் உள்ளே போகவேண்டும்.

அந்த லென்ஸ் என்ன விலைக்கு வந்தது? சுமார் 10 டாலர்! முன்பு 100 டாலருக்கு மேல். இப்போது பத்தில் ஒரு பங்கு! பின்னர் அதைவிடவும் விலை குறைந்தது.

அரவிந்த் ஆஸ்பத்திரியில் ஏழைகளுக்கும் கண்ணுக்குள் லென்ஸ் வைத்தார்கள். முள் எடுபட்டது!

எல்லை தாண்டிய லென்ஸ்

விலை குறைவாக இருந்தால் மட்டும் போதுமா? வெளிநாட்டில் விற்கவேண்டுமானால் அந்த நாட்டுச் சட்டம் இடம் கொடுக்கவேண்டும். ஐரோப்பாவில் சி.இ. முத்திரை இல்லாத மருத்துவக் கருவி கடைக்கு வரமுடியாது. பணக்கார நாடுகளின் செல்வாக்கு விலையில் மட்டும் இல்லை. எது தரமானது என்று சொல்லும் அதிகாரமும் அவர்களிடமே இருந்தது.

அந்தச் சோதனையிலும் மதுரை தேறியது. ஐரோப்பிய முத்திரை கிடைத்தது. ஆசியா, ஆப்பிரிக்கா, தென் அமெரிக்கா என்று லென்ஸ் பயணப்பட்டது. இன்று 100-க்கும் அதிகமான நாடுகளுக்கு மதுரையிலிருந்து அது போகிறது. லென்ஸைத் தொடர்ந்து, கண் ஆபரேஷனுக்கு வேண்டிய தையல் நூலும், கத்தியும், கண் மருந்தும் அங்கே தயாராயின.

இந்தத் தொழிலில் அவர் பணம் சேர்த்தாரா? இல்லை. எளிய உடை. எளிய சாப்பாடு. கடைசி வரை வளைந்த விரல்களோடும் வலியோடும் வாழ்ந்தார். வயது எண்பதைத் தாண்டிய பிறகும் ஆஸ்பத்திரிக்கு வந்து நோயாளிகளின் நலம் விசாரித்தார்.

2006-ம் ஆண்டு ஜூலை 7-ந் தேதி மதுரையில் காலமானார். அப்போது அவருக்கு வயது 87.

இன்னும் மாறாத வரிசை

டாக்டர் வெங்கடசாமி கண்ணுக்குக் காட்டிய வழி, மற்ற உறுப்புகளுக்கும் வந்துவிட்டதா? முழுவதும் வரவில்லை.

உடலை ஊடுருவிப் படம் பிடிக்கும் பெரிய இயந்திரங்களுக்கும், இதயத்துக்கு வேண்டிய நுட்பமான கருவிகளுக்கும் இன்றும் நாம் வெளிநாடுகளையே பெரிதும் நம்பியிருக்கிறோம். அமெரிக்கா, ஜெர்மனி, ஜப்பான், சுவிட்சர்லாந்து, சீனா போன்ற நாடுகள் உலகச் சந்தையில் முன்னணியில் நிற்கின்றன. இந்தியா தனக்கு வேண்டிய மருத்துவக் கருவிகளில் பெரும்பகுதியை இறக்குமதிதான் செய்கிறது.

இதனால் என்ன நேரும் என்பதற்கு ஓர் உதாரணம்.

இதய ரத்தக் குழாய் அடைப்பை நீக்க 'ஸ்டென்ட்' என்ற சிறிய வலைக்குழாய் வைக்கிறார்கள். 2017-ம் ஆண்டு பிப்ரவரி மாதம், இந்திய அரசாங்கம் அதற்கு விலை வரம்பு கட்டியது. மருந்து பூசிய ஸ்டென்டுக்கு அப்போது வைத்த உச்ச விலை 29 ஆயிரத்து 600 ரூபாய். அதற்கு முன்பு அதைப்போலப் பல மடங்கு கொடுத்தவர்கள் உண்டு. நம் மக்கள் மகிழ்ந்தார்கள்.

அமெரிக்கக் கருவி நிறுவனங்கள் மகிழவில்லை. தங்கள் அரசாங்கத்திடம் முறையிட்டன. இந்தியப் பொருள்கள் பலவற்றுக்கு அமெரிக்கா வரிச்சலுகை கொடுத்து வந்தது. 2019-ம் ஆண்டு ஜூன் 5-ந் தேதி அந்தச் சலுகையை விலக்கிக்கொண்டது. பால் பண்ணைக்காரர்களின் முறையீட்டோடு, கருவி நிறுவனங்களின் முறையீடும் அதற்குக் காரணமாக இருந்தது.

பார்த்தீர்களா? நம் ஊர்க்காரர் நெஞ்சுக்குள் வைக்கும் சிறு குழாய்க்கு விலை கட்டினால், கடல் கடந்து கோபம் வருகிறது! விற்பவர் கை ஓங்கியிருக்கும்போது, வாங்குபவர் நியாயம் பேசுவதும் எளிதல்ல.

அயல் நாட்டார் எல்லாரும் கெட்டவர்கள் என்பதல்ல இதன் பொருள். லென்ஸைக் கண்டுபிடித்தவர் ஆங்கிலேயர். தொழில் தொடங்கத் துணை நின்றவர் அமெரிக்கர். டாக்டர் வெங்கடசாமி யாரையும் பகைக்கவில்லை. யாரிடமும் கற்கக் கூச்சப்படவில்லை. கற்றதை இங்கே செய்தார். செய்ததை எல்லாருக்கும் எட்டும் விலைக்குக் கொடுத்தார். இதுதான் அவருடைய வெற்றியின் ரகசியம்.

மதுரையிலிருந்து சிவகங்கை செல்லும் சாலையில் வீரபாஞ்சான் என்ற ஊர் இருக்கிறது. அரோலேப் தொழிற்சாலை இப்போது அங்கேதான் இயங்குகிறது. கோவிலூர், காரைக்குடிப் பெரியவர்கள் சிவகங்கை வழியாக மதுரைக்குப் பஸ்ஸில் வந்தால், அந்த வழியாகத்தான் வரவேண்டும்.

ஒரு காலத்தில் அவர்கள் வீட்டுக் கண்ணாடி பெல்ஜியத்திலிருந்து கப்பலில் வந்தது. இன்று அவர்கள் கண்ணுக்குள் வைக்கும் லென்ஸ் பக்கத்துச் சாலையில் தயாராகிறது. அங்கிருந்து உலகத்துக்கும் போகிறது.

மணலில் எழுதிப் படித்த ஒரு பையன், வளைந்த விரல்களோடு செய்த வேலை இது. அந்த வேலை கண்ணோடு நின்றுவிடவில்லை என்று நாளை யாராவது எழுதவேண்டும். அதை எழுத வைக்கப்போகிறவர், இன்று ஏதோ ஒரு கிராமத்துப் பள்ளியில் படித்துக்கொண்டிருக்கலாம்.